ஆறு சென்டிமீட்டர்

கோமாரித் தடுப்பூசிக் குப்பிகள் மூன்று
கண்மாய்க் கரையிலேயே நொறுங்கிப்போன மறுநாள்
கால்நடை மருந்தகத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம்
நானும் ராக்கும்.
தையல்கடை டேப், சாக்பீஸ், கொக்கி ஸ்பேனர்.

பின்சக்கர அச்சிலிருந்து வால்பக்கத்து போல்ட் வரை
சக்கரம் தரை தொடாதபோது அறுபது.
ஹெல்மெட், பூட்ஸ், ஊசிப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு
நான் ஏறி உட்கார்ந்ததும் ஐம்பத்தாறரை.
"மூச்சைப் பிடிக்காதீங்க டாக்டர்" என்றாள்.
விட்டேன்.
ஐம்பத்தாறரைதான்.

ஆறு அமிழ வேண்டிய இடத்தில் மூன்றரை.
அமிழாத வண்டி கல்லை விழுங்காது,
வாங்கியபடியே முதுகெலும்பிடம் கொடுத்துவிடும்.
பள்ளத்தூர் தாண்டிய செம்புறாங்கல் பொட்டலில்
ஒரு வருடமாக அதை வாங்கிக்கொண்டு
கோளாறு என் உடம்பில்தான் என்று
தைலம் தேய்த்திருக்கிறேன்.
ஐம்பத்திரண்டு கிலோ என்பது
எந்தத் தொழிற்சாலையிலும்
யாரும் உட்காரவைத்துப் பார்க்காத எடை.

"நான் ஒருக்கா உக்காந்து பாக்கவா?"
சேலையை இழுத்துச் செருகி
உதைக்கிற மாட்டை ஒதுங்கிப் பிடிக்கும் அதே லாவகத்தில் ஏறினாள்.
டேப் இப்போது என் கையில்.
ஐம்பத்து நான்கு.
மறுபடி அளந்தேன், ஐம்பத்து நான்கு.
"அப்ப இது எனக்குச் செஞ்ச வண்டி."
மறுக்க ஒன்றுமில்லை.
இறங்க அவசரப்படவுமில்லை அவள்.
கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.
ஹாரனை ஒருமுறை அமுக்கினாள்.
சினை ஊசிக்குக் காத்திருந்த மாடு திரும்பிப் பார்த்தது.

வளையம் அசையவில்லை.
மரைக்குள் ஒரு வருடச் செம்மண்.
மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், என் விரல் முட்டியில் கொஞ்சம் தோல்.
நான்கு சுற்றுத் தளர்த்தியும் ஐந்துக்கு மேல் வரவில்லை:
ஸ்பிரிங்கே இன்னொருவருடையது,
வளையத்தால் அவ்வளவுதான் பொய் சொல்ல முடியும்.
ஐஸ்பெட்டியைப் பின்னால் கட்டிப் பார்த்தோம்.
ஐந்தே முக்கால்.
மருந்தோடு போகும்போது மட்டும்
நான் சரியான எடை.

சீட்டுக்குக் காரைக்குடி.
கழனிவாசல் ரோட்டில் பஸ் சீட் தைக்கும் ஜபருல்லா
"எங்கம்மா வலிக்குது" என்று கேட்டுவிட்டு
கேட்டிருக்கக் கூடாதோ என்று
கத்தி தீட்டப் போய்விட்டார்.
உறையைப் பிரித்து, ஃபோமின் மேல்
சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டேன்.
எலும்பு இறங்கும் இடங்கள்.
எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார்.
அதற்குப் பிறகு அவருக்குக் கூச்சமில்லை, வேலைதான்:
தொடைப்பக்கம் குறுக்கி, வட்டங்களைக் குடைந்து,
ஏதோ டிராவல்ஸ் பஸ்ஸின் கெட்டி ஃபோமை உள்ளே ஒட்டினார்.
"மெத்துன்னு கேப்பாங்க எல்லாரும்.
மெத்துங்கிறது பத்து நிமிசத்துக்கும்மா."

வியாழக்கிழமை, அதே கரை.
முதல் பள்ளத்தில் வண்டி இறங்கி, ஏறி,
இன்னொரு தடவையும் ஏறியது.
நிறுத்தி, அடியிலிருந்த திருகை இரண்டு டிக் வலப்பக்கம்.
அடுத்ததில் ஒருமுறைதான்.
குப்பிகள் உடைந்த மதகுப் படியில்
நின்றுகொண்டு ஓட்ட மறந்துபோய்
உட்கார்ந்தபடியே கடந்திருக்கிறேன்.
கடந்த பிறகுதான் தெரிந்தது.

முதுகு இன்னும் வலிக்கிறது, வேறு இடத்தில்.

தடுப்பூசிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதி வைத்தேன்:
நான் – நான்கு சுற்றுத் தளர்வு, இரண்டு டிக் இறுக்கம், பெட்டியோடு.
ராக்கு – கம்பெனி வைத்தபடியே.
இரண்டாவது வரி எதற்கென்று அவள் கேட்கவில்லை.
லைசென்ஸுக்கு எத்தனை போட்டோ
என்றுதான் கேட்டாள்.